கூம்பில் போன அத்தியாயம்

விமலாதேவி கையை உயர்த்தி, "கொஞ்சம் நிப்பாட்டும்," என்றாள்.

நவமணி வரியின்மேல் விரலை வைத்து நிறுத்தினாள். தலையைத் தூக்கவில்லை. வாசிக்கும்போது அவள் தலையைத் தூக்குவதே கிடையாது. நோட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, எதிரில் யாருமே இல்லை என்பதுபோல, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில் வாசித்துக்கொண்டு போவாள். வாசித்து முடித்த பிறகும் சற்று நேரம் நோட்டுப் புத்தகம் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், ஈப்போ பழைய நகரத்தில் விமலாதேவி பாடம் நடத்துகிற தட்டெழுத்துப் பள்ளியின் மாடியில் அவர்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. தட்டச்சு இயந்திரங்கள் கறுப்பு உறை போர்த்திக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. கீழே கோப்பிக் கடையில் பீங்கான் கோப்பைகள் மோதிக்கொள்கிற சத்தமும், வறுத்த கோப்பிக் கொட்டையின் வாசமும் மரப்படிகளில் ஏறி மேலே வந்தன.

"போன கிழமை வாசிச்ச அத்தியாயத்தில அந்தப் பெட்டை எவ்வளவு சந்தோசமா இருந்தவள். இப்ப பார்த்தால் லொறியில ஏறிப் போறாள். இடையில என்ன நடந்தது?"

"ஒண்ணும் நடக்கலக்கா. அப்படியே வேலைய விட்டுட்டுப் போயிருது."

"சும்மா போக மாட்டாள். இதில ஏதோ விடுபட்டுப் போச்சு." விமலாதேவி மடியில் இருந்த சுருக்கெழுத்துத் தாளைப் பார்த்தாள். "பிறகு, உந்தக் கிராணி வீட்டம்மா. எத்தினை அத்தியாயமா அந்த வீட்டில இருக்கிறா. ஒருக்காலும் வாய் திறக்கேல்லை. ஊமையோ?"

நவமணி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு நோட்டுப் புத்தகத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது.

ஊமை இல்லை. அந்த அம்மாள் பேசுகிற அத்தியாயம் ஒன்று இருந்தது. முதல் நாள்தான், சனிக்கிழமை மாலை, நவமணி அதைத் தைப்பு நூல் தெறிக்காமல் மெதுவாகக் கிழித்து எடுத்திருந்தாள். பிறகு பன்னிரண்டு என்று இருந்ததைப் பதினொன்று என்று திருத்தினாள். திருத்தியது தெரியாத அளவுக்குத் திருத்தினாள். ஆனாலும் கேட்கிறவளுக்குத் தெரிந்துவிட்டது. கிழித்த இடம் கண்ணில் பட்டால்கூடப் பரவாயில்லை. இவளுக்குக் காதிலேயே பட்டுவிட்டது.

அவர்கள் காதால்தான் ஒருவர் கதையை ஒருவர் படித்தார்கள். வேறு வழி இல்லை. விமலாதேவி கான்வென்டில் படித்தவள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குலசிங்கத்தின் மகள். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேச்சு; ஆனால் எழுத்து என்று வந்தால் ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்து வரியின் கடைசிக்கு வருவதற்குள் முதல் சொல் மறந்துபோகும். அவள் நாவல் எழுதியது ஆங்கிலத்தில். நவமணியோ தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் மொழி பழகுவதற்கென்று இருந்த ரிமூவ் கிளாஸில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டு நின்றவள். அவள் எழுதியது தமிழில். ஆகவே நவமணி தன்னுடையதை வாசிப்பாள். விமலாதேவி தன்னுடையதை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போவாள். கேட்கும்போது விமலாதேவி கையில் பென்சில் இருக்கும். மனம் எங்காவது விலகிப் போனால், எங்காவது சந்தேகம் வந்தால், சுருக்கெழுத்தில் கொக்கியும் வளைவுமாக எதையோ கீறிவைப்பாள். அந்தப் பென்சில் உரசுகிற சத்தம் கேட்டால் நவமணி வாசிக்கிற வேகத்தைக் கூட்டிவிடுவாள்.

பழக்கமானது பொது மருத்துவமனையின் பெண்கள் வார்டில். நவமணியின் அம்மா நல்லம்மாள் எண்ணெய்ச் சட்டியில் கையைச் சுட்டுக்கொண்டு படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் அறுவைச் சிகிச்சை முடிந்து விமலாதேவியின் அம்மா. இரண்டு தாய்மாரும் தூங்குகிற நேரத்தில் நவமணி கட்டிலுக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாய் என்று விமலாதேவி கேட்டபோது நோட்டுப் புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விட்டது. மறுநாள் கேட்டபோதும் அப்படித்தான். வீட்டுக்குப் போகிற அன்றைக்கு விமலாதேவி கிட்டே வந்து, தனக்கு இருக்கிற ஒரு நோயைச் சொல்கிற மாதிரி மெதுவாக, "நானும் எழுதுறனான். வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது," என்றாள். நவமணி அவளை நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான். அதுவரைக்கும் அவளுக்குத் தெரிந்து உலகத்தில் இந்தக் காரியத்தைச் செய்கிற ஆள் தான் ஒருத்திதான்.

இப்போது அந்த இன்னொரு ஆளைத்தான் இழந்துவிடுவோமோ என்று பயந்தாள். நவமணியின் நாவலில் வருகிற பவளம் என்கிற பெண், ரப்பர்த் தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கான கிராணியின் வீட்டுக்குப் பதின்மூன்று வயதில் வேலைக்குப் போகிறாள். நவமணியும் போனவள்தான், சுங்கை சிப்புட் பக்கத்தில், தோட்டம் விலைபோய் எல்லோரும் லாரி ஏறுவதற்கு முந்திய இரண்டு வருடம். அந்தக் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மனைவி பேசிய தமிழும் விமலாதேவி பேசுகிற தமிழும் ஒரே தமிழ். அதே இழுப்பு, அதே 'ஓம்', அதே 'எண்டு'. அந்த அத்தியாயத்தை எழுதும்போது நவமணிக்கு அந்தக் குரல் அப்படியே கைக்கு வந்தது. அவள் எழுதியதிலேயே நிறுத்தாமல் எழுதியது அதுதான். ஆனால் அதை வாய்விட்டு வாசிக்க வேண்டுமானால், விமலாதேவியின் எதிரில் உட்கார்ந்து, அவள் அம்மாவின் குரலில் பேச வேண்டும். அவள் மாமா ஒருவர் லூமுட் பக்கம் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்று விமலாதேவியே ஒரு முறை பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். இதைக் கேட்ட பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை இந்த மாடிக் கதவு திறக்குமா?

அன்றைக்கு மீதி நேரம் விமலாதேவியின் முறை. அவள் நாவல் ஈப்போவில் ஒரு பெரிய வீட்டைப் பற்றியது. பியானோ இருக்கிற அறை, அப்பா பேப்பர் படிக்கிற அறை, அக்காமார் தூங்குகிற அறை, விருந்தாளிக்கென்று பூட்டியே வைத்திருக்கிற அறை. அந்த வீட்டில் மூன்று சகோதரிகள். சமையலுக்குக் காளியம்மா என்று ஒருத்தி. காளியம்மா தேநீர் கொண்டுவருவாள், ஓம் அம்மா என்பாள், போவாள். நவமணிக்கு அந்த மூன்று சகோதரிகளில் நடுவிலுள்ளவளை மிகவும் பிடிக்கும். காளியம்மா வரும்போதெல்லாம் மட்டும் ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வரும். விழுங்கிவிடுவாள்.

விமலாதேவி முடித்துவிட்டு, எப்படி என்று பார்த்தாள்.

"நல்லா இருக்குக்கா."

"நீர் எப்பவும் இதைத்தான் சொல்லுறீர்." விமலாதேவி தாள்களை அடுக்கினாள். "என்ர மாணவிகளுக்கு நான் எல்லாம் சரி எண்டு சொல்லி அனுப்பினால் ஒருத்திக்கும் வேலை கிடைக்காது. தெரியுமோ?"

குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் களைப்புத்தான் இருந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

தன் வீடு இருக்கிற புந்தோங்குக்குப் பஸ்ஸில் திரும்பும்போது, கிழித்த அத்தியாயத்தை மறுபடி ஒட்டிவிடுவது என்று நவமணி முடிவு செய்துகொண்டாள். வாசிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே வறுத்த கடலை வாசம் வந்தது. அந்தத் தெருவில் பாதி வீடுகளில் கச்சாங் பூத்தேதான் தொழில். கடலை, பட்டாணி, முறுக்கு, மரவள்ளிச் சீவல் என்று எது கொதிக்கிற எண்ணெயில் விழுந்தாலும் அது கச்சாங் பூத்தேதான். நல்லம்மாள் பொரிப்பாள், நவமணி உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து பிரட்டுவாள், இருவருமாகப் பழைய தாள்களைக் கூம்பாகச் சுருட்டி அடுக்குவார்கள். பள்ளிக்கூடங்களிலிருந்து எடைக்கு வாங்கிய பழைய பயிற்சி நோட்டுகள் ஒரு மூலையில் இடுப்பு உயரத்துக்குக் கிடக்கும். ஒற்றை அறை வீட்டில் எதையாவது ஒளிக்க வேண்டுமென்றால் அந்தக் குவியலைவிட நல்ல இடம் இல்லை. எழுத்துக்கு நடுவில் எழுத்தை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நல்லம்மாளுக்கு எழுதப் படிக்கவும் தெரியாது. நவமணி தன் அத்தியாயத்தைச் சனிக்கிழமை அந்தக் குவியலில்தான் செருகி வைத்திருந்தாள்.

உள்ளே நுழைந்தபோது மூலை வெறுமையாக இருந்தது. அம்மா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"தாளெல்லாம் எங்கம்மா?"

"தியேட்டர்ல புதுப் படம்லா. அங்க கடலை விக்கிற சன்னாசி ரெண்டு தடவ வந்து வாங்கிட்டுப் போனான். கை வலியோட நான் ஒருத்தியா உக்காந்து எல்லாத்தையும் சுருட்டுனேன். நீதான் ஞாயித்துக்கிழமையானா காணாமப் போயிடுறியே."

நவமணி எண்ணெய்ச் சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை. பதினோராம் அத்தியாயம் இப்போது ஈப்போ முழுக்க மிளகாய்த்தூள் பூசிக்கொண்டு கசங்கிக் கிடக்கும் என்று நினைத்தாள். படம் முடிந்து ஜனங்கள் மிதித்துக்கொண்டு போவார்கள்.

இருட்டுகிற நேரத்தில் சன்னாசி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். முன்னால் கட்டியிருந்த மரத் தட்டு காலியாக இருந்தது. நல்ல வியாபாரம் நடந்த அன்றைக்கு அவன் வாய் ஓயாது. வாசலில் நின்றபடியே நல்லம்மாளிடம் முறையிட ஆரம்பித்தான். "இனிமே அச்சடிச்ச பேப்பரா சுருட்டிக் குடுங்கக்கா. இந்த நோட்டுத் தாளு வேணாம். சூசாலா, ஒரே தொல்லை. இன்னிக்கு அந்த மாயாண்டிகிட்ட மாட்டிக்கிட்டேன்."

மாயாண்டி தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர். நவமணி கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"கடலைய தின்னுட்டு, கூம்பப் பிரிச்சு மடியில வச்சு நீவிக்கிட்டு இருக்காரு. என்னண்ணேன்னா, இதுல கதை எழுதியிருக்குடாங்கிறாரு. ஒரு பொண்ணு கடுகு சாடியத் தூக்குதாம், அந்த வீட்டம்மா பின்னால வந்து நிக்குதாம், அதோட தாளு முடிஞ்சு போச்சாம். அடுத்த பக்கம் எங்கடான்னு என்கிட்ட சண்ட. நான் கடலை விக்கிறேனா, கதை விக்கிறேனா? மனுசன் விடல. இன்னும் மூணு கூம்பு வாங்கிப் பிரிச்சுப் பாத்தாரு. எல்லாம் எவனோ போட்ட கணக்கு. உள்ளார படம் ஓடுது, இவரு வாசல்ல உக்காந்து அந்தம்மா என்னா சொல்லியிருக்கும், என்னா சொல்லியிருக்கும்னு பொலம்பிக்கிட்டு இருக்காரு."

"பைத்தியக்காரன்," என்றாள் நல்லம்மாள்.

"அந்தத் தாளு?" நவமணியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை. சன்னாசி திரும்பிப் பார்த்தான். அவள் இன்னொரு தடவை கேட்டாள்.

"அவரு சட்டப் பையில மடிச்சு வச்சிருக்காரு. எதுக்கு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நவமணி பின்கட்டுக் குழாயடிக்குப் போனாள். பாத்திரத்தைக் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் தண்ணீரை ஓட விட்டாள். முகம் தெரியாத ஒரு மனிதர், டிக்கெட் கிழிக்கிறவர், பவளத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறார். மூன்று கூம்பு வாங்கித் தேடியிருக்கிறார்.

அந்த வாரம் முழுக்க அத்தியாயத்தைத் திரும்ப எழுதிப் பார்த்தாள். வரவில்லை. கடுகு சாடி வந்தது, அலமாரி வந்தது, அந்த அம்மாள் பின்னால் வந்து நிற்கிறது வந்தது. பேசுகிற இடத்தில் பேனா நின்றது. எழுதினால் புத்தகத்துத் தமிழில் நல்ல பிள்ளைபோல ஏதோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். விமலாதேவி கேட்பாளே என்கிற நினைப்பு பேனாவுக்கும் தாளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வெறுங்கையோடு மாடி ஏறினாள். விமலாதேவி ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தாள். எங்கே நோட்டு என்று கேட்பதற்கு முன்பே நவமணி சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கிழித்ததை, குவியலில் செருகியதை, அம்மா சுருட்டியதை, மாயாண்டி சண்டை போட்டதை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொன்னாள். மூன்று கூம்பு என்கிற இடத்தில் விமலாதேவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐயோ நவமணி. என்ர கதைக்கு இண்டைக்கு வரைக்கும் ஒருத்தரும் உப்பிடிச் சண்டை பிடிக்கேல்லையே." பிறகு சிரிப்பு அடங்கியது. "ஏன் கிழிச்சனீர்?"

"அதுல அந்தம்மா பேசுவாங்கக்கா."

"பேசட்டுமே."

"ஒங்கள மாதிரி பேசுவாங்க."

கீழே யாரோ பால் விடாத கோப்பிக்குக் 'கோப்பி ஓ' என்று கூவினார்கள். விமலாதேவி உறைபோட்ட இயந்திரம் ஒன்றின்மேல் கையை வைத்து, இல்லாத தூசியைத் தட்டினாள். நவமணி படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். செருப்பு மேல்படியில்தான் கிடந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு இறங்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

"தாள் இல்லாட்டி என்ன, வாய் இருக்குத்தானே," என்றாள் விமலாதேவி. "சொல்லும்."

வாய்தான் அவளிடம் இல்லாத ஒன்று. முகத்தை மறைக்க நோட்டுப் புத்தகமும் இல்லை. நவமணி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, "நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காருறீங்களாக்கா?" என்று கேட்டாள். விமலாதேவி மறுபேச்சு இல்லாமல் நாற்காலியை ஜன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முதுகும் பின்னலும் மட்டும் தெரிந்தன. அந்த முதுகைப் பார்த்து நவமணி சொல்லத் தொடங்கினாள்.

கிராணி வீட்டுச் சமையலறை அலமாரித் தட்டுகளில் பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாள்களை விரித்துப் போட்டிருப்பார்கள். அதன்மேல் மிளகாய், கடுகு, சீரகச் சாடிகள். பவளம் சாடிகளைத் துடைக்கிற சாக்கில் தாளைப் படிப்பாள். அவற்றில் ஒரு தொடர்கதை. மேல்தட்டில் பாதி, கீழ்த்தட்டில் பாதி. கதையின் நடுப்பகுதி அரிசிப் பானைக்கு அடியில். பள்ளிக்கூடம் போகாத வருத்தம் அந்த அலமாரிக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் அவளுக்கு இருக்காது. அதுவரைக்கும்தான் போன அத்தியாயத்தில் வந்தது. இனிமேல் வருவது கூம்பில் போனது. ஒரு நாள் கடுகு சாடியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருக்கும்போது அம்மாள் பின்னால் வந்து நிற்கிறாள்.

விமலாதேவியின் முழங்கை அசைந்தது. பென்சில் ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு முன் எந்த அத்தியாயத்துக்கும் அது இவ்வளவு ஓடியதில்லை. இத்தனை குறையா என்று நவமணி நினைத்தாள். குரல் தாழ்ந்துபோய், "அந்தம்மா சொல்லுவாங்க, இனிமேல் இதையெல்லாம் படிக்காதே அப்படின்னு," என்று முடிக்கப் பார்த்தாள்.

பென்சில் நின்றது. "அவ அப்பிடிக் கதைச்சிருக்க மாட்டா," என்றாள் விமலாதேவி, திரும்பாமலே. "எப்பிடிச் சொன்னவவோ அப்பிடியே சொல்லும்."

நவமணி கண்ணை மூடிக்கொண்டாள். மாயாண்டி மடியில் தாளை நீவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன சொல்லியிருக்கும், என்ன சொல்லியிருக்கும்.

"'உங்களுக்கெல்லாம் உது என்னத்துக்கு? எழுத்தைப் பார்க்கத் தொடங்கினால் கை வேலை செய்யாது. உந்தப் பேப்பரெல்லாத்தையும் எடு. எல்லாத் தட்டுக்கும் இங்கிலிஸ் பேப்பர் போடு. உனக்குத்தானே அது விளங்காது.'"

அவள் குரல் இல்லை அது. ஏழு வருடமாக எங்கோ உள்ளே உட்கார்ந்திருந்த குரல். அது வெளியே வந்த பிறகு மற்றது தானாக வந்தது. பவளமே சாடிகளை இறக்குகிறாள். பவளமே பழைய தாள்களை எடுக்கிறாள். அரிசிப் பானையை நகர்த்தும்போது கதையின் நடுப்பகுதி தெரிகிறது; அம்மாள் பார்த்துக்கொண்டிருப்பதால் படிக்காமல் எடுக்கிறாள். வெந்நீர் அடுப்பில் அவற்றைப் போட்டு, அந்த வெந்நீரையே அம்மாள் குளிக்கத் தூக்கிக்கொண்டு போகிறாள். திரும்பி வந்து ஆங்கிலத் தாளை ஓரம் மடித்து, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒவ்வொரு தட்டிலும் விரிக்கிறாள். நன்றாக விரித்திருக்கிறாய் என்று அம்மாள் பாராட்டுகிறாள். மறுநாள் பவளம் வேலைக்குப் போகவில்லை.

சொல்லி முடித்தபோது நவமணிக்கு முதுகெல்லாம் வேர்த்திருந்தது. விமலாதேவி நாற்காலியைத் திருப்பினாள். அவள் மடியில் நாலைந்து பக்கம் நிறையக் கொக்கிகளும் வளைவுகளும் புள்ளிகளும்.

"இவ்வளவு தப்பாக்கா?"

"என்ன தப்பு? இது நீர் சொன்னது." விமலாதேவி தாளைத் திருப்பிக் காட்டினாள். "சுருக்கெழுத்துச் சத்தத்துக்குத்தான் எழுதுறது. என்ன பாசையெண்டு அதுக்குத் தெரியாது. சீனத்தில கதைச்சாலும் எழுதலாம். பொறும், வாசிக்கிறன்."

அவள் வாசித்தாள். சில இடத்தில் தடுமாறி, சில இடத்தில் பென்சிலால் தலையைச் சொறிந்து, ஆனால் சொல் மாறாமல் வாசித்தாள். நவமணி தன் கதையை இன்னொருவர் வாயில் கேட்டது அதுதான் முதல் தடவை. கடுகு சாடி அவள் தூக்கியதைவிடக் கனமாக இருந்தது. எங்கே அவசரப்பட்டோம், எங்கே தேவையில்லாமல் இரண்டு தடவை சொன்னோம் என்பது பிறர் வாயில் கேட்கும்போது தெரிந்தது. பிறகு அம்மாள் பேசுகிற இடம் வந்தது. அதற்கு விமலாதேவி தடுமாறவில்லை. உங்களுக்கெல்லாம் உது என்னத்துக்கு என்பது அவள் நாக்கிலிருந்து, வீட்டில் தினமும் பேசுகிற பேச்சுப்போல, வழுக்கிக்கொண்டு வந்தது. உனக்குத்தானே அது விளங்காது என்பது வரைக்கும் வந்து, நின்றது.

அவள் காது மடல் சிவந்திருந்தது. நவமணி மறுபடி படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள்.

"ஒண்டு கேட்கவோ?" என்றாள் விமலாதேவி. "பேப்பர் மாத்தின அண்டைக்கு, அவ உமக்குச் சாப்பாடு தந்தவவோ?"

பவளத்துக்கு என்று கேட்கவில்லை. உமக்கு என்றுதான் கேட்டாள். நவமணி யோசித்தாள். யோசிக்கத் தேவையே இல்லை. அது அப்போதிருந்தே அங்கேதான் இருந்தது. "பிட்டும் மீன் குழம்பும். அன்னிக்கு மீனு பெரிய துண்டா போட்டாங்க. போதுமான்னு கேட்டு இன்னொண்ணும் போட்டாங்க."

"அதை ஏன் எழுதேல்லை?"

"எழுதுனா அவங்க நல்லவங்களாயிருவாங்களேன்னு."

விமலாதேவி லேசாகத் தலையை ஆட்டினாள். "அம்மாவும் அப்பிடித்தான். ஏசிப்போட்டுக் கூடப் போடுவா. ஏசினதாலதான் கூடப் போடுறாவோ தெரியேல்லை." பென்சிலை எடுத்துத் தாளின் ஓரத்தில் ஒரு வளைவு போட்டாள். "அந்த மீனை விடாதையும்."

இத்தனை நாள் விழுங்கிய கேள்வியை நவமணி இப்போது கேட்டாள். "அக்கா, ஒங்க கதையில அந்தக் காளியம்மா எங்கக்கா படுக்கும்?"

"வீட்டிலதான்."

"எந்த ரூம்ல?"

"அது..." விமலாதேவி விரல் விட்டு எண்ணினாள். பியானோ அறை, அப்பாவின் அறை, அக்காமார் அறை, விருந்தாளி அறை. விரல் நடுவில் நின்றது. எழுதின வீட்டை விட்டுவிட்டு, பிறந்து வளர்ந்த வீட்டுக்குள் அவள் போய்த் தேடுவது முகத்தில் தெரிந்தது. "எங்கட வீட்டிலயும் ஒருத்தி இருந்தவ. குசினிக்குப் பின்னால போறவ. காலமை வருவா. நான்..." மடக்கிய விரலைப் பார்த்தாள். "நான் போய்ப் பார்த்ததே இல்லை, நவமணி."

"பாயி எங்க சுருட்டி வைக்கும்னு தெரிஞ்சாப் போதும்க்கா. அதுக்கப்புறம் அது பேசிரும்."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பேசிவிட்டோம் என்று நவமணிக்கு உறைத்தது. விமலாதேவி எழுந்து போய் அலமாரியைத் திறந்து, மாணவிகள் தட்டிப் பழகிய தாள்களில் ஒரு கட்டு எடுத்துவந்தாள். ஒரு பக்கம் ஒரே எழுத்துகள் வரிவரியாகத் திரும்பத் திரும்ப, மறுபக்கம் வெள்ளை. வெள்ளைப் பக்கத்தை மேலே திருப்பி மேசையில் தட்டி ஒழுங்குபண்ணி நவமணியின் முன்னால் வைத்தாள். தன் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டுக்கொண்டாள். சுருக்கெழுத்துத் தாளின் முதல் பக்கத்தைத் திருப்பினாள்.

"மெதுவாச் சொல்லுறன். மாத்த வேண்டியதை மாத்தி எழுதும்."

ஒரு வரி சொன்னாள். நவமணி குனிந்து எழுதினாள். எழுதி முடித்துக் காத்திருந்தாள், சத்தம் வரவில்லை. விமலாதேவியின் பார்வை மாடிச் சுவரைத் தாண்டி ஏதோ ஒரு சமையலறையின் பின்பக்கத்துக்குப் போயிருந்தது. கீழே கோப்பைகள் மோதிக்கொண்டன. காற்றில் ஒரு இயந்திரத்தின் உறை படபடத்தது.

அடுத்த வரிக்காக நவமணி தலையைத் தூக்கினாள்.